அயர்ன் சைட்டா, ரெட் டாட்டா, ஸ்கோப்பா? பொழுதுபோக்காகச் சுடுபவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய வரிசை

"எந்த சைட் நல்லது?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் பொருளை இணையக் கடையின் கூடையில் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. சைட் என்பது துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் கருவி: அயர்ன் சைட்டில் வெறும் கம்பமும் வெட்டும், அல்லது வளையமும் துளையும்; ரெட் டாட் கண்ணாடியில் ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டும்; ஸ்கோப் இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும். எங்கே சுடப்போகிறீர்கள், எவ்வளவு தூரம், உங்கள் கண் எப்படி, துப்பாக்கியில் என்ன பொருத்த முடியும் என்ற நான்குக்கும் பதில் கிடைத்தால் சைட் தானாகவே முடிவாகிவிடும். தலைகீழாகப் போனால் பணமும் போகும், பல மாதப் பயிற்சியும் போகும்.

கீழே வரும் சோதனைகளில் துப்பாக்கியைத் தொடுபவை எல்லாம் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்), ரேஞ்ச் ஆபிசர் அனுமதித்த நேரத்தில், சுடச் சொல்லும் இடங்கள் தவிர மற்றபடி துப்பாக்கி காலியாக, குழலில் பாதுகாப்புக் கொடி செருகிய நிலையில் செய்ய வேண்டியவை.

1. முதலில் விதி

சிங்கப்பூரில் துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்து ஒவ்வொரு சைட்டாக மாட்டிப் பார்க்க வழியில்லை. காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளுக்கும் உரிமம் வேண்டும். பேங்காக் கடைத்தெருவில் பொம்மை மாதிரி விற்கும், பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் சாங்கி விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே உங்கள் பழக்கம் முழுவதும் ஒரு கிளப்புக்குள்தான் நடக்கும். ஈசூனில் உள்ள சாஃப்ரா (தேசியச் சேவையாளர் கிளப்) ஆக இருக்கலாம், சுவா சூ காங் பக்கம் உள்ள ரேஞ்சாக இருக்கலாம். சைட் எது என்பதை அங்கே உள்ள விதிதான் முதலில் தீர்மானிக்கும்.

சேருவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கிளப் துப்பாக்கியில் உறுப்பினர் சொந்த சைட்டை மாட்டலாமா? எந்தத் தூரத்துக்கு லேன் (சுடும் தடம்) இருக்கிறது? எந்தப் போட்டி விதிப்படி பயிற்சி நடக்கிறது?

மூன்றாவது கேள்விதான் பலரைக் காப்பாற்றும். ஒலிம்பிக் வகை 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கும் ரெட் டாட்டுக்கும் இடமில்லை. துளை வழியாகப் பார்க்கும் பின் சைட்டும் வளையம் உள்ள முன் சைட்டும்தான். ஏர் பிஸ்டலில் திறந்த அயர்ன் சைட் மட்டுமே. லேசர், கண்ணாடியில் தெரியும் புள்ளி எல்லாம் தடை. இந்தப் பாதையில் போகப்போகிறவர் ரெட் டாட் பற்றி ஒரு மணி நேரம் படிப்பதுகூட வீண். நேரே பகுதி 4-க்குப் போகலாம்.

சைட் மட்டும்தானே, துப்பாக்கி இல்லையே என்று வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போடாதீர்கள். துப்பாக்கியில் மாட்டும் பொருளுக்கு அனுமதி தேவையா என்று போலீஸ் உரிமப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். கிளப் வழியாக வரவழைத்தால் இந்த அலைச்சல் குறையும்.

2. தூரத்தையும் இலக்கின் அளவையும் தாளில் எழுதுங்கள்

"கொஞ்சம் தூரம்", "சின்ன டார்கெட்" என்பதெல்லாம் உதவாது. மில்லிமீட்டரில் எழுதினால்தான் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது புரியும்.

10 மீட்டர் ஏர் ரைபிளில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ.; நடுவில் 10 புள்ளிக்குரிய இடம் வெறும் 0.5 மி.மீ. அதே தூரத்தில் ஏர் பிஸ்டலுக்குக் கறுப்பு 59.5 மி.மீ., பத்தின் வட்டம் 11.5 மி.மீ. 50 மீட்டர் ரைபிளில் கறுப்பு 112.4 மி.மீ., பத்து 10.4 மி.மீ. 25 மீட்டர் பிஸ்டல் துல்லியச் சுற்றில் கறுப்பு 200 மி.மீ., பத்து 50 மி.மீ.

இதோடு கோண அளவு ஒன்றையும் மனப்பாடம் செய்யுங்கள். ரெட் டாட், ஸ்கோப் பெட்டிகளில் பெரும்பாலும் அச்சாகியிருக்கும் எம்ஓஏ என்பது ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29 மி.மீ., 50 மீட்டரில் 14.5 மி.மீ., 25 மீட்டரில் 7.3 மி.மீ., 10 மீட்டரில் 2.9 மி.மீ.

இப்போது கணக்குப் போடலாம். 6 எம்ஓஏ புள்ளி உள்ள ரெட் டாட் 25 மீட்டரில் சுமார் 44 மி.மீ. இடத்தை மூடும். பிஸ்டல் இலக்கின் பத்து 50 மி.மீ. என்பதால் அங்கே அது சரியாக அமரும். அதே புள்ளியை 50 மீட்டர் ரைபிளில் வைத்தால் 87 மி.மீ. மறைந்துவிடும், கறுப்பு வட்டத்தின் அகலத்தில் முக்கால்வாசியைப் புள்ளியே விழுங்கிவிட்டால் எதை நோக்கிச் சுடுவது? "2 எம்ஓஏவா, 6 எம்ஓஏவா?" என்று கடைக்காரர் கேட்கும்போது இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கலாம்.

3. கண்ணைச் சோதியுங்கள்

வரிசையில் அதிகம் தவறவிடப்படும் படி இதுதான். சைட்டை மாற்றி மாற்றி வாங்குகிறவர்களில் பலருக்கு மாற்ற வேண்டியிருந்தது மூக்குக்கண்ணாடியை.

முதலில் எந்தக் கண் ஆதிக்கம் என்று பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை விடுங்கள். அதன் வழியே தூரத்தில் உள்ள சுவர்க் கடிகாரத்தை இரு கண்ணாலும் பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் அப்படியே தெரிந்தால் திறந்திருக்கும் கண்தான் ஆதிக்கக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால் பிஸ்டலில் சமாளிக்கலாம். ரைபிளில் இடது தோளுக்கு மாறுவதா, இடது கண்ணை மறைப்பதா என்று பயிற்றுநரோடு பேசித் தொடக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மாற்றுவது கடினம்.

அடுத்து, வெள்ளெழுத்து, அதாவது வயதாக ஆகக் கிட்டத்தில் இருப்பது மங்குவது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு பிஸ்டலின் முன் சைட் மங்கத் தொடங்கும். அயர்ன் சைட்டில் கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட். இலக்கு கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கண்ணாடிக் கடைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது. அதனால் ரேஞ்சில் நிற்கும் நிலையில், கண்ணிலிருந்து முன் சைட் வரை ஒரு நூலைப் பிடிக்கச் சொல்லி முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நூலோடு கண் பரிசோதகரிடம் போய், "இந்த முடிச்சில் இருப்பது தெளிவாகவும், அதற்கு அப்பால் ஓரளவும் தெரிய வேண்டும்" என்று சொல்லுங்கள். தூரத்தைப் பார்க்கப் போடும் பவருடன் +0.5 முதல் +0.75 வரை கூட்டினால் பெரும்பாலும் சரியாக வரும். பல பவர் கலந்த புரொகிரசிவ் கண்ணாடி போட்டுச் சுடாதீர்கள். தெளிவான பகுதியைத் தேடித் தலை ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் சாயும். தலை சாய்ந்தால் குரூப்பும் (குண்டுகள் விழும் கொத்தும்) விரியும்.

மூன்றாவது, விழிக்கோணல் என்கிற அஸ்டிக்மேடிசம் (விழியின் வளைவு சீராக இல்லாததால் ஒளி ஒரே புள்ளியில் குவியாதது). இது ரெட் டாட் வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும். கிளப்பில் யாரிடமாவது ரெட் டாட் இருந்தால் வாங்கிப் பாருங்கள். புள்ளி வட்டமாக இல்லாமல் கமா போலவோ, வெடித்த நட்சத்திரம் போலவோ தெரிகிறதா? சைட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். சைட் சுழன்றும் வால் அதே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கோளாறு கண்ணில். வாலும் கூடச் சுழன்றால் கோளாறு சைட்டில். இன்னொரு வழி: கைபேசிக் கேமராவை சைட்டுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்து, உங்களுக்கு மட்டும் கிழிந்து தெரிந்தால் சைட்டை மாற்றிப் பயனில்லை. வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், விழிக்கோணலைத் திருத்தும் கண்ணாடி போடுங்கள். அப்படியும் தீராவிட்டால், கோடுகள் கண்ணாடியிலேயே செதுக்கப்பட்ட பிரிசம் ஸ்கோப்பை யோசியுங்கள்.

4. அயர்ன் சைட்: எல்லோரும் தொடங்க வேண்டிய இடம்

இதில் இரண்டு வகை. பிஸ்டலில் உள்ளது திறந்த சைட்: பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு கம்பம். இலக்கு ரைபிளில் உள்ளது துளை சைட்: பின்னால் சிறு துளை, முன்னால் வளையம்.

திறந்த சைட்டில் புதியவர் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: இலக்கைப் பார்ப்பது. ஏன் தவறு என்பதற்குக் கணக்கே போதும். ஏர் பிஸ்டலில் முன், பின் சைட்டுகளுக்கு இடையே 320 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நேராக அமைந்து, கை மட்டும் 10 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 10 மி.மீ. நகரும், இன்னும் ஒன்பதுக்குள்தான் இருப்பீர்கள். ஆனால் முன் கம்பம் பின் வெட்டுக்குள் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது 31 மி.மீ. ஆகிவிடும். கை ஆடுவதைவிட சைட்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதுதான் பல மடங்கு கொல்லும். எனவே கண் முன் கம்பத்தில், கம்பத்தின் இரு பக்கமும் சம வெளிச்சம், மேல் விளிம்புகள் ஒரே கோட்டில். கறுப்பு வட்டம் அதன் மேல் மங்கலாக மிதக்கட்டும்.

கம்பத்தை வட்டத்தின் நடுவில் வைக்காதீர்கள். கறுப்பின் மேல் கறுப்புக் கம்பம் தெரியாது. வட்டத்துக்குக் கீழே, கொஞ்சம் வெள்ளை இடைவெளி விட்டு நிறுத்தி, குண்டு நடுவில் விழும்படி சைட்டைத் திருப்பி வையுங்கள். அந்த இடைவெளியைத் தலைமுடி அளவு ஒல்லியாக வைத்தால் ஒவ்வொரு சுடலிலும் அதை அளக்கவே நேரம் போகும், அகலமாகவே விடுங்கள்.

துளை சைட்டில் கண் தானாகவே துளையின் நடுவைத் தேடும். அதனால் கற்பது சுலபம். தேசியச் சேவையில் எஸ்.ஏ.ஆர் 21 ரைபிளின் மேலே உள்ள தூக்கும் கைப்பிடிக்குள் இருக்கும் 1.5 மடங்கு ஸ்கோப்பில் பழகியவர்கள் முதல் நாள் இங்கே தடுமாறுவார்கள்; எதையாவது பெரிதாக்கிக் காட்டும் என்று துளைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். துளை எதையும் பெரிதாக்காது. வளையத்துக்குள் வளையம், அதற்குள் கறுப்பு வட்டம், அவ்வளவுதான்.

முன் வளையத்தின் அளவுதான் இங்கே முக்கியத் தேர்வு. கண்ணிலிருந்து முன் சைட் சுமார் 90 செ.மீ. தள்ளி இருந்தால், 10 மீட்டரில் உள்ள 30.5 மி.மீ. வட்டம் அந்த இடத்தில் 2.7 மி.மீ. அளவுக்குத் தெரியும். 3 மி.மீ. வளையம் போட்டால் வெள்ளை இடைவெளி நூலாகிவிடும். வட்டம் வளையத்தைத் தொடுகிறதா இல்லையா என்று கண் திணறும், விரல் டிரிகரை இழுக்கத் தயங்கும். புதியவருக்கு 3.8 முதல் 4.2 மி.மீ. பொருந்தும். "பெரிய வளையம் துல்லியம் குறைவு" என்று சொல்லிச் சிறியதைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பின் துளை 1.1 முதல் 1.3 மி.மீ.; வெளிச்சம் குறைவான உள்ளரங்கில் சற்றுப் பெரிது.

பின் துளையைக் கண்ணிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் வையுங்கள். கன்னம் கட்டையில் பதியும் இடத்தில் சின்ன ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் மாறாது. துளையைத் தேடிக் கழுத்தை நீட்டினால் பின் சைட்டை, அது அமர்ந்திருக்கும் தண்டவாளத்தில் பின்னுக்குத் தள்ளுங்கள். கழுத்தை சைட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

5. ரெட் டாட்: எப்போது, எப்படி

உள்ளே ஒரு சிறு எல்இடி. அதன் ஒளி முன்னால் உள்ள வளைந்த கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்புகிறது. எதுவும் முன்னால் பாயாது. லேசர் வேறு, இது வேறு. புள்ளியையும் இலக்கையும் ஒரே தூரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். முன் சைட் மங்கும் வயதினருக்கு இது வரப்பிரசாதம். வேகமாக இலக்கு மாற்றிச் சுடும் வகைகளிலும் இதுவே வசதி.

முதல் முறை மாட்டியவர்கள் சொல்லும் குறை: "புள்ளி நடுங்குது." புள்ளி நடுங்கவில்லை, கை நடுங்குகிறது, அயர்ன் சைட்டில் அதே நடுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது அதைப் பார்த்தவுடன், புள்ளி நடுவைத் தாண்டும் கணத்தில் டிரிகரைப் பிடுங்குவார்கள். குரூப் முன்பைவிட மோசமாகும். மருந்து: இலக்கை எடுத்துவிட்டு வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டு, புள்ளி எங்கே அலைந்தாலும் கண்டுகொள்ளாமல் டிரிகரை மெதுவாக அழுத்தும் பயிற்சி. 20 முறை வெற்றாகச் செய்தபிறகு குண்டு போடுங்கள். ஏர் கன்னாக இருந்தால் வெற்றுச் சுடலுக்கான வசதி உள்ள மாடலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிவைப்பது அடுத்த தவறு. வெயிலில் வைத்த அளவோடு உள்ளரங்கத்துக்குப் போனால் புள்ளி பூத்துப் பெரிதாகும். புள்ளி தெரிவதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவு வரும்வரை இறக்கி, அதிலிருந்து ஒரு படி மட்டும் ஏற்றுங்கள்.

தலை நகர்ந்தால் புள்ளியும் இலக்கின் மேல் நகர்வதுதான் பாரலாக்ஸ். "பாரலாக்ஸ் இல்லை" என்ற விளம்பரத்தை 10 மீட்டரில் நம்ப வேண்டாம். கிட்டத்தில் அது இருக்கவே செய்யும். துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்துங்கள். புள்ளி இலக்கின் மேல் எவ்வளவு ஊர்கிறது என்பது உங்கள் பிழையின் எல்லை. புள்ளியைக் கண்ணாடியின் நடுவில் வைத்தே சுடுவது என்று பழக்கிக்கொண்டால் அந்தப் பிழை கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

6. ஸ்கோப்: மடங்கு குறைவாக இருந்தால் பயன் அதிகம்

50 மீட்டரிலும் அதற்கு மேலும், தாங்கியில் வைத்துச் சுடும்போது ஸ்கோப் தன் பெருமையைக் காட்டும். நின்றுகொண்டு 10 மீட்டரில் சுட 16 மடங்கு ஸ்கோப் கேட்பவர், உண்மையில் தன் இதயத் துடிப்பைப் பெரிதாக்கிப் பார்க்கப் பணம் கட்டுகிறார். 50 மீட்டருக்கு 4 முதல் 9 மடங்கு தாராளம்.

முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மி.மீ. கண்ணாடியில் 4 மடங்குக்கு 8 மி.மீ.; 16 மடங்குக்கு 2 மி.மீ. இரண்டு மில்லிமீட்டருக்குள் கண்ணை நிறுத்தப் புதியவரால் முடியாது. தலை சிறிது நகர்ந்தாலும் படம் கறுத்துவிடும். மதியம் திறந்தவெளி ரேஞ்சில் மடங்கை ஏற்றினால் இன்னொரு தொல்லை: சூடான தரையிலிருந்து எழும் கானல் இலக்கையே நீரில் மிதக்கவிடும். மடங்கை இறக்கினால் கானலும் இறங்கியது போலத் தெரியும்.

பாரலாக்ஸ் எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டது என்பதைப் பெட்டியில் தேடுங்கள். பெரிய தோட்டாவுக்கான ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 கஜத்துக்குப் பூட்டப்பட்டவை. 10 மீட்டரில் அவற்றில் இலக்கு மங்கும், கண் நகர்ந்தால் குறியும் நகரும். முன் கண்ணாடியையோ பக்கத் திருகையோ சுழற்றி 10 மீட்டர் வரை கொண்டுவரக்கூடியதே நமக்கு வேண்டும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளில் தனி எச்சரிக்கை. அதன் பிஸ்டன் முதலில் துப்பாக்கியைப் பின்னுக்கும், உடனே முன்னுக்கும் உதைக்கும். பெரிய தோட்டாவின் உதையைத் தாங்கும் விலையுயர்ந்த ஸ்கோப்கூட இந்த முன்னுதையில் உள்ளே கழன்றுவிடலாம். "ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும். ரெட் டாட்டுக்கும் இதே விதி.

7. முடிவெடுக்கும் இடம்

போட்டி விதி அயர்ன் சைட் என்றால் பேச்சே இல்லை. விதி எதுவும் இல்லாமல் வார இறுதியில் மட்டும் சுடுகிறவராக இருந்தாலும், கிளப் துப்பாக்கியில் ஏற்கெனவே உள்ள அயர்ன் சைட்டோடு குறைந்தது 500 குண்டு சுடுங்கள். டிரிகர் பழக அது போதும். அதற்கு முன் வாங்கும் சைட் எதுவும் உங்கள் குறையை மறைக்கத்தான் செய்யும்.

முன் சைட் மங்குகிறது, கண்ணாடி மாற்றியும் தீரவில்லை, பிஸ்டல்தான் பிடிக்கும் என்றால் ரெட் டாட். தாங்கியில் வைத்து 50 மீட்டரில் பாயின்ட் டூ டூ (.22 அங்குலத் தோட்டா) ரைபிள் சுடப்போகிறீர்கள், கிளப்பும் அனுமதிக்கிறது என்றால் ஸ்கோப். வெளிநாட்டு ரேஞ்சுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போகிறவர் எதையும் வாங்க வேண்டாம். அங்கே கொடுப்பதை வைத்துச் சுடுங்கள், சுங்கத்தில் நிற்கும் நேரமாவது மிச்சம்.

8. பொருத்துதல்

துப்பாக்கியின் மேல் உள்ள தண்டவாளத்தை அளங்கள். ஏர் கன், பாயின்ட் டூ டூ ரைபிள்களில் பெரும்பாலும் 11 மி.மீ. சரிவுப் பள்ளம், புதியவற்றில் குறுக்குப் பள்ளங்கள் உள்ள பிக்கட்டினி. இரண்டுக்கும் கிளாம்ப் வேறு. பிக்கட்டினி கிளாம்பை 11 மி.மீ.-ல் இறுக்கினால் பிடித்தது போலவே இருக்கும், பத்தாவது சுடலில் வழுக்கும். ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ.-ஆ, 30 மி.மீ.-ஆ என்பதைப் பார்த்து வளையம் வாங்குங்கள்.

சைட் எவ்வளவு தாழ்வாக அமர்கிறதோ அவ்வளவு நல்லது. குழலுக்கு மேல் 60 மி.மீ. உயரத்தில் உள்ள ஸ்கோப்பை 50 மீட்டருக்கு ஜீரோ செய்து (குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி திருப்பிவைத்து), அதே பாயின்ட் டூ டூ ரைபிளால் 10 மீட்டரில் சுட்டால் குண்டு சுமார் 3 செ.மீ. கீழே விழும். சைட் கெட்டுவிட்டது என்று திருகைத் திருப்பிவிடாதீர்கள். பார்வைக் கோடும் குண்டின் பாதையும் இன்னும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

வரிசை இப்படி: கிளாம்பை முன்பக்கம் தள்ளிப் பள்ளத்தின் சுவரோடு ஒட்டவைத்து இறுக்குங்கள் (பிக்கட்டினியில் உதையின்போது அது முன்னே நகர இடம் இருக்கக்கூடாது). ஸ்கோப்பைத் தளர்வாக வையுங்கள். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னம் பதிந்தபின் கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் கறுப்பு விளிம்பின்றித் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 75 முதல் 100 மி.மீ. வரும். இதை அதிக மடங்கில் வைத்துச் செய்யுங்கள், அங்கேதான் இடம் குறைவு. பிறகு தூரத்தில் நூலில் தொங்கவிட்ட எடையைப் பார்த்து, ஸ்கோப்புக்குள் செங்குத்தாகத் தெரியும் கோட்டை நேர்ப்படுத்துங்கள். கோடு சாய்ந்திருந்தால் உயரம் திருப்பும்போதெல்லாம் குண்டு பக்கவாட்டிலும் போகும்.

வளையத் திருகுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன டார்க் (திருகை இறுக்கும் விசை) அளவே கடைசி. பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் பக்கம். "இன்னும் ஒரு சுத்து" என்று இறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே உள்ள கண்ணாடி நகராமல் நின்றுவிடும். திருகின் தலையிலும் கிளாம்பிலும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். கோடு பிரிந்திருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரியும்.

9. ஜீரோ செய்தல்

ஒரு குண்டு சுட்டு உடனே திருகைத் தொடுவது எல்லா லேன்களிலும் தினமும் நடக்கும் தவறு. ஒற்றைக் குண்டு உங்கள் கையைப் பற்றிச் சொல்கிறதா சைட்டைப் பற்றியா என்று தெரியாது.

தாங்கியில் வைத்து, ஒரே இடத்தைக் குறிபார்த்து 5 குண்டு சுடுங்கள். விழுந்த இடம் பிடிக்கவில்லை என்று குறியை மாற்றாதீர்கள். ஐந்தின் நடுவைக் கண்ணால் குறித்து, இலக்கின் நடுவிலிருந்து எவ்வளவு என்று மி.மீ.-ல் அளங்கள். சைட்டின் திருகை ஒரு கிளிக் (ஒரு சொடுக்கு) திருப்பினால் குண்டு எத்தனை மி.மீ. நகரும் என்பதால் அதை வகுங்கள்.

எடுத்துக்காட்டு: 50 மீட்டரில் குரூப் 29 மி.மீ. வலது. கால் எம்ஓஏ கிளிக் அங்கே 3.6 மி.மீ. ஆக 8 கிளிக் இடது. இதே 8 கிளிக் 10 மீட்டரில் 6 மி.மீ.-கூட நகர்த்தாது, 10 மீட்டரில் 29 மி.மீ.-க்கு 40 கிளிக் வேண்டும். "திருப்பினேன், ஒன்றும் நகரவில்லை" என்ற புகார் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால் வருவது.

எந்தப் பக்கம் திருப்புவது? பின் சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்துங்கள். முன் சைட்டை எதிர்ப்பக்கம். ஜெர்மன் தயாரிப்பான இலக்கு சைட்டுகளில் ஒரு பொறி உண்டு: பலவற்றில் திருகில் உள்ள எழுத்து குண்டு விழுந்த பக்கத்தைக் குறிக்கும், போக வேண்டிய பக்கத்தை அல்ல. மேலே விழுந்தால் 'மேல்' என்ற எழுத்தின் பக்கம் திருப்ப வேண்டும். ஆங்கில எழுத்துள்ள ஸ்கோப்பில் பழகியவர் இதைத் தலைகீழாகச் செய்து இரட்டிப்பு தூரம் போய்விடுவார். 10 கிளிக் திருப்பிச் சுட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மீண்டும் 5 குண்டு. சரியானால் பெல்லட்டின் (ஏர் கன் குண்டின்) பிராண்டு, டப்பாவின் தொகுப்பு எண், தூரம், கிளிக் நிலை நான்கையும் நோட்டில் எழுதுங்கள். பெல்லட் மாறினால் ஜீரோவும் மாறும். கிளப் துப்பாக்கி என்றால் இதை ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டியிருக்கும். உங்களுக்கு முன்னால் சுட்டவர் தன் கண்ணுக்கு ஏற்பத் திருப்பியிருப்பார். முதல் 10 குண்டை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

10. ஈரப்பதம்

நம் ஊரில் சைட்டுகளைக் கொல்வது உதையல்ல, பூஞ்சை. பையிலேயே வைத்த ஸ்கோப்பின் கண்ணாடியில் சில மாதங்களில் சிலந்தி வலை போலப் படரும். அது பூச்சைத் தின்றபின் துடைத்துப் பயனில்லை. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் போதும். கழற்றக்கூடிய சைட்டாக இருந்து, கிளப்பும் உரிம விதியும் வெளியே எடுத்துச்செல்ல அனுமதித்தால் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒரு முறை மாற்றி.

குளிரூட்டிய அறையிலிருந்து திறந்தவெளி லேனுக்கு வந்ததும் கண்ணாடி வியர்க்கும். துணியால் தேய்க்காதீர்கள், மணல் துகள் கீறும். பெட்டியை மூடியபடியே 20 நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் வியர்க்காது.

அயர்ன் சைட்டில் வியர்வைக் கை பட்ட இடம் துருப்பிடிக்கும். முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. முன் கம்பத்தில் மட்டும் எண்ணெய் பளபளப்பு இல்லாமல் உலர்ந்த துணியால் இன்னொரு துடைப்பு, விளக்கு வெளிச்சம் அதில் தெறித்தால் கம்பம் ஒரு பக்கம் தடித்துத் தெரியும். ரெட் டாட்டின் சிஆர்2032 பேட்டரியை ஒரு மாதத்துக்கு மேல் சுடப்போவதில்லை என்றால் கழற்றிவிடுங்கள். கசிந்து பச்சை பிடித்த தகட்டைச் சுரண்டிச் சரிசெய்வதைவிட அது சுலபம்.